ஒயரில் தொங்கும் பாடம்

புரொஜக்டருக்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த பள்ளிகள், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் ஒயரை மறந்துவிடுகின்றன. அதற்கு விலை கொடுப்பது வகுப்பு நேரம்.

மணி அடித்துவிட்டது. ஆசிரியை லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைக்கிறார். கூரையில் தொங்கும் புரொஜக்டரிலிருந்து சுவர் வழியாக இறங்கி வரும் ஒயரின் முனையில் நீல நிறத்தில், பதினைந்து ஊசிகளுடன் ஒரு பிளக். லேப்டாப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார். அந்த பிளக் நுழையக்கூடிய துளை எதுவும் அதில் இல்லை. பின் பெஞ்சில் சலசலப்பு ஆரம்பமாகிறது. கம்ப்யூட்டர் லேபிலிருந்து உதவியாளரை அழைத்துவர ஒரு மாணவன் ஓடுகிறான். அவரோ இன்னொரு வகுப்பில் இதே வேலையாக இருக்கிறார். தில்லியிலிருந்து திண்டுக்கல் வரை, புரொஜக்டர் தொங்கும் எந்தக் கட்டடத்திலும் காணக் கிடைக்கிற காட்சிதான் இது. ஒரு பீரியட் என்பதே 40 நிமிடம். வருகைப் பதிவு போக மிஞ்சுவதில் பத்து நிமிடம் ஒயருக்குப் போனால், அன்றைய பாடம் பாதிதான்.

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள மத்திய தில்லியின் மந்திர் மார்க் நல்ல இடம். ஒரு பக்கம் ரிட்ஜ் காடு. மறு பக்கம் கோல் மார்க்கெட்டின் பழைய குமாஸ்தா குடியிருப்புகள். வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரில் ரீடிங் ரோடாக இருந்த இந்தச் சாலை, 1939-ல் மகாத்மா காந்தி திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயிலால் பிறகு மந்திர் மார்க் ஆனது. வெளியூர்க்காரர்கள் பிர்லா மந்திரைப் பார்க்க வருகிறார்கள். தில்லிவாசிகளுக்கு இது பள்ளிக்கூடச் சாலை. ஹார்கோர்ட் பட்லர் பள்ளி, ரெய்சினா பெங்காலி பள்ளி, செயின்ட் தாமஸ் பெண்கள் பள்ளி, புதுதில்லி நகராட்சி மன்றத்தின் ஆண்கள் பள்ளி என்று வரிசையாக நிற்கின்றன. தில்லித் தமிழர்களுக்கு வேண்டப்பட்ட பள்ளியும் இங்கேதான்: தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று. சர்க்கார் வேலைக்காக வடக்கே வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காகத் தோன்றிய அமைப்பு அது.

இத்தகைய சாலைக்குத் திரை ஒன்றும் புதிதல்ல. இந்தியாவில் டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில்தான் சோதனை முறையில் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1961 அக்டோபரில், ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியுடன் தில்லிப் பள்ளிகளுக்கென்றே பாட ஒளிபரப்பு ஆரம்பமானது. சினிமாவும் நாடகமும் வீட்டுக்குள் வருவதற்கு வெகு காலம் முன்பே இயற்பியலும் வேதியியலும் டி.வி. வழியாக வகுப்பறைக்குள் வந்துவிட்டன. பிறகு ஸ்லைடு புரொஜக்டர், கண்ணாடித் தாளில் எழுதிச் சுவரில் காட்டும் ஓவர்ஹெட் புரொஜக்டர், 1984-லிருந்து பல்கலைக்கழக மானியக் குழுவின் டி.வி. பாடங்கள், 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த எடுசாட் செயற்கைக்கோள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதே 2004 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தரும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. புரொஜக்டர் பள்ளிகளில் பரவியது அதற்குப் பிறகுதான்.

பழைய சாதனங்களில் ஒரு சௌகரியம் இருந்தது. ஓவர்ஹெட் புரொஜக்டருக்குத் தேவை மின்சார பிளக் ஒன்றே. டி.வி.க்கு அதோடு ஒரு ஆன்டெனா. கம்ப்யூட்டர் புரொஜக்டர் அப்படியல்ல. அது தானாக எதையும் காட்டாது. வேறொரு மெஷின் அனுப்புவதை வாங்கித்தான் காட்டும். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பாஷை ஒத்துப்போக வேண்டும். அந்த பாஷையோ முப்பது வருடங்களில் மூன்று முறை மாறிவிட்டது.

நீல பிளக்கின் பெயர் வி.ஜி.ஏ. ஐ.பி.எம். நிறுவனம் 1987-ல் தன் பி.எஸ்.2 கம்ப்யூட்டர்களுக்காகக் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களும் மூன்று தனி ஊசிகள் வழியாக மின் அலைகளாகப் போகும். நிபுணரைக் கூப்பிடாமலே கோளாறைக் கண்டுபிடிக்க இது ஒன்று தெரிந்தால் போதும். வெள்ளைத் திரை மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வந்துசேரவில்லை. ரோஜா நிறமடித்தால் பச்சை இல்லை. பச்சை கலந்த வெளிர்நீலமாகிவிட்டால் சிவப்பு போய்விட்டது. பெரும்பாலும் ஏதோ ஒரு ஊசி வளைந்திருக்கும், அல்லது பிளக்கின் இரு பக்கத் திருகாணிகளை யாரும் முடுக்கியிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் நல்ல புரொஜக்டரைக் கழற்றி ரிப்பேர் கடைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

வி.ஜி.ஏ.வுக்கு அடுத்து வந்தது எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் இதன் முதல் வரையறை வெளியானது. 19 தொடர்புகள் கொண்ட தட்டையான சிறு பிளக். படத்தோடு ஒலியும் ஒரே ஒயரில் எண்களாகப் போகும். 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள் கூடி, 2015-க்குள் வி.ஜி.ஏ.வுக்கு விடை கொடுப்பதாக அறிவித்தன. லேப்டாப்களில் ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஆனால் கூரைக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லை. லேப்டாப்பை நாலைந்து வருடத்தில் மாற்றுகிறார்கள். புரொஜக்டரையும், சுவருக்குள் பதித்த ஒயரையும் பத்து வருடமானாலும் தொடுவதில்லை. இதற்குள் மூன்றாவதாக யூ.எஸ்.பி.-சி என்ற நீள்வட்டத் துளையும் வந்துவிட்டது. மெலிந்த லேப்டாப்கள் சிலவற்றில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் அந்தத் துளைகள் எல்லாமே படம் அனுப்பாது. சில சார்ஜ் ஏற்றவும் ஃபைல் மாற்றவும் மட்டுமே. விலை குறைந்த மொபைல் போன்கள் பலவற்றில் நிலைமை இதுதான். வாங்குவதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இடைவெளியை நிரப்ப கன்வெர்ட்டர் இருக்கிறது. மந்திர் மார்க்கிலிருந்து கரோல்பாக் கஃபார் மார்க்கெட் அதிக தூரமில்லை. நேரு பிளேஸ் போனால் கடைக்குக் கடை கிடைக்கும். சில நூறு ரூபாய் சமாசாரம். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எச்.டி.எம்.ஐ. கொண்ட லேப்டாப்பிலிருந்து வி.ஜி.ஏ. புரொஜக்டருக்குப் போகும் கன்வெர்ட்டர் ஒருவழிப் பாதை. பழைய வி.ஜி.ஏ. கம்ப்யூட்டரைப் புதிய எச்.டி.எம்.ஐ. புரொஜக்டரில் மாட்ட அதே பெட்டியைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. அதற்கு வேறு பெட்டி. எந்த மெஷினிலிருந்து எந்த மெஷினுக்கு என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லாவிட்டால் இரண்டாவது நடை நிச்சயம். தவிர, வி.ஜி.ஏ. ஒலியைச் சுமக்காது. அதற்குத் தனியாக ஒரு ஆடியோ ஒயர் வேண்டும். எச்.டி.எம்.ஐ.யில் நேர்மாறான கஷ்டம்: லேப்டாப் தன் ஒலியைப் புரொஜக்டருக்கே அனுப்பிவிடும். அதிலிருக்கும் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர் கூரையில் முனகிக்கொண்டிருக்க, மேஜைமேல் இருக்கும் பெரிய ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கம்ப்யூட்டரின் சவுண்ட் அமைப்பில் எந்த ஸ்பீக்கர் என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. அரை நிமிட வேலைதான், தெரிந்தவர்களுக்கு.

ஒயரை மாட்டிய பிறகும் படம் விழாமல் போகலாம். இணைத்த உடனே, தன்னால் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் காட்ட முடியும் என்று புரொஜக்டர் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் படத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. மட்டமான வி.ஜி.ஏ. கேபிள்களில் இந்தச் செய்தி போகவேண்டிய ஊசிகளையே விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் ஓர் அளவை அனுப்ப, படத்தின் ஓரம் வெட்டுப்பட்டோ, எழுத்து மங்கியோ வரும். பழைய கம்ப்யூட்டரானால் முதலில் புரொஜக்டரை ஆன் செய்து, ஒயரை மாட்டி, கடைசியாகக் கம்ப்யூட்டரை ஆன் செய்வது உத்தமம். விண்டோஸ் 7 வந்த 2009-லிருந்து ஒரு குறுக்குவழியும் உண்டு. விண்டோஸ் சின்னம் உள்ள சாவியுடன் பி எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் தெரியும். அதில் 'நகல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பில் இருப்பது சுவரிலும் தெரியும். 'நீட்டிப்பு' என்று இருந்துவிட்டால் சுவர் இரண்டாவது மேஜையாகிவிடும்: பாடம் லேப்டாப்பிலும், ஏதோ மலையும் ஏரியும் சுவரிலும் இருக்கும். வகுப்பு சிரிக்கும்.

தமிழ் வகுப்பானால் இன்னொரு கண்டமும் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த பாடத்தைப் பென் டிரைவில் எடுத்துவந்து வகுப்புக் கம்ப்யூட்டரில் திறந்தால், ஆத்திசூடிக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் கொக்கிகளும் கோடுகளும் ஆறடி உயரத்தில் சுவரில் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. விண்டோஸ் 2000-லிருந்தே யூனிகோடு தமிழுக்கு லதா எழுத்துரு கம்ப்யூட்டருடனேயே வந்தது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய கேள்வித்தாள்களும் பாடக் குறிப்புகளும் பழைய எழுத்துருவிலேயே வருடக் கணக்காகக் கிடக்கின்றன. சென்னையில் என்றால் பக்கத்து மேஜையில் அந்த எழுத்துரு கிடைத்துவிடும். இந்தி பேசும் ஊழியர்கள் கவனித்துக்கொள்ளும் ஒரு தில்லிக் கம்ப்யூட்டரில் அதை யாரிடம் போய்க் கேட்பது? பாடத்தை வீட்டிலேயே பி.டி.எஃப்.பாக மாற்றிக் கொண்டுவருவதுதான் நிம்மதி. எழுத்து அதற்குள்ளேயே பத்திரமாக வந்துவிடும்.

தினசரி வகுப்பில் படம் விழாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். நேரடி ஒளிபரப்பில் அந்தச் சலுகை கிடையாது. 2018 பிப்ரவரி 16 அன்று பிரதமர் பரீட்சை பயம் பற்றி மாணவர்களிடம் முதன்முதலாகப் பேசிய தால்கடோரா ஸ்டேடியம், மந்திர் மார்க்குக்கு அருகிலேயே இருக்கிறது. இருந்தாலும் உள்ளே போக முடிந்தவர்கள் சிலரே. நாடெங்கும் மற்ற மாணவர்கள் பார்த்தது தங்கள் பள்ளித் திரையில். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய மாலைக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டும்படி கல்வி நிலையங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தின் இயக்குநர் என்பதால் தமிழர்களுக்கு அன்று கூடுதல் படபடப்பு. லேண்டர் தரை தொட்டது 6.04 மணிக்கு. அரங்கு நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு ஆறு மணிக்கு ஒயர் தேடியிருந்தால் அவ்வளவுதான். நிலவு காத்திருக்காது.

இத்தகைய நாளில் டி.வி. செட்-டாப் பெட்டியைப் புரொஜக்டரில் மாட்ட நினைப்பது இயல்பு. எச்.டி.எம்.ஐ. ஒயர் போட்டால் படம் வராமல் கறுப்புத் திரையோ எச்சரிக்கை வாசகமோ வரலாம். இது ஒயரின் குற்றமல்ல. திருட்டு நகலைத் தடுக்க எச்.டி.சி.பி. என்றொரு பூட்டு இருக்கிறது. எதிரே இருக்கும் மெஷின் அந்தப் பூட்டுக்குச் சாவி காட்டாவிட்டால், அனுப்பும் பெட்டி படத்தை நிறுத்திவிடும். பழைய புரொஜக்டரும் மலிவு கன்வெர்ட்டரும் சேரும் இடத்தில் இது நடக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் பெட்டிகளில் பொதுவாக இருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் அங்கே கைகொடுக்கும்: மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. படம் அத்தனை தெளிவாக இராது. ஆனால் இருக்கும்.

அரங்கு என்றாலே நீளமும் ஒரு பிரச்னை. மேடையிலிருந்து பின்சுவர் புரொஜக்டர் வரை சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயரை இழுத்தால், பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டும்போது படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. அதற்குமேல் போனால் ஒளியிழை கலந்த ஒயர், அல்லது நெட்வொர்க் கேபிள் வழியே படத்தை அனுப்பும் ஜோடிப் பெட்டிகள் வேண்டும். கட்டடம் கட்டும்போதே சுவருக்குள் ஒரு பெரிய குழாயைக் காலியாகப் பதித்துவைத்தால், நாளைக்கு எந்த ஒயர் வந்தாலும் இழுத்துக்கொள்ளலாம். கான்ட்ராக்டர்கள் ஒயரையே சிமென்ட்டில் பூசி மூடிவிடுகிறார்கள். அதோடு அந்த அறை எந்த வருடத்தில் நிற்கும் என்பது முடிவாகிவிடுகிறது.

கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டியதும் கேட்கும் 'ஹ்ம்ம்' என்ற இரைச்சலுக்கு ஒரு ஆபத்தான நாட்டு வைத்தியம் உண்டு. மூன்று முனை பிளக்கின் பெரிய ஊசியை, அதாவது எர்த்தை, உடைத்துவிடுவது. இரைச்சல் நிற்கும், ஷாக் அடிக்கும் வாய்ப்பு பிறக்கும். பிள்ளைகள் மைக் பிடிக்கும் மேடையில் இது விளையாட்டல்ல. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து இயக்கினாலே பல இடங்களில் இரைச்சல் அடங்கிவிடும். மிஞ்சியதற்கு ஆடியோ ஒயரில் மாட்டும் சின்ன ஐசொலேட்டர் போதும்.

புரொஜக்டரைக் கொல்வது ஒயரல்ல, அவசரம். பாதரச விளக்கு எரியும் சாதனங்கள், அணைத்த பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓட்டித் தங்களைக் குளிர்வித்துக்கொள்ளும். கடைசி மணி அடித்ததும் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் பழக்கம், மூவாயிரம் மணிக்குமேல் எரியவேண்டிய விளக்கின் ஆயுளைத் தின்றுவிடும். மின்வெட்டும் அதையேதான் செய்யும்; ஒரு சிறிய யூ.பி.எஸ். காப்பாற்றும். லேசர் ஒளியில் இயங்குபவை இருபதாயிரம் மணி நேரம் வரை தாங்குவதாகச் சொல்லப்பட்டாலும் விலை ஒரு படி அதிகம். புரொஜக்டரே வேண்டாம், பெரிய தொடுதிரை டி.வி. போதும் என்ற கட்சியும் வளர்கிறது. தமிழக அரசு தொடக்கப் பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகளை அறிவித்தது. அந்தத் திரைகளின் பின்னாலும் அதே எச்.டி.எம்.ஐ. துளைதான் இருக்கிறது.

தில்லியின் காற்று இந்த வேலையை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. நகரின் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்களில் ஒன்று மந்திர் மார்க்கிலேயே உள்ளது. 2024 நவம்பரில் எண்கள் எகிறியபோது பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் ஆன்லைனுக்குப் போயின. பிறகு பாதிப் பேர் வகுப்பிலும் பாதிப் பேர் வீட்டிலுமாகப் படிக்கும் 'ஹைப்ரிட்' முறைக்கு உத்தரவு வந்தது. உத்தரவு ஒரு பக்கம்தான். வகுப்பில் அதற்கு வேண்டியது கேமரா, மைக், இன்டர்நெட், சுவரில் பாடம், லேப்டாப்பில் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள். முன்பு வில்லனாக இருந்த 'நீட்டிப்பு' வழிதான் இப்போது தேவை: பாடம் சுவருக்கு, முகங்கள் லேப்டாப்புக்கு. இதை ஒரு கையால் சமாளித்து இன்னொரு கையால் இருபடிச் சமன்பாடு நடத்தும் ஆசிரியருக்கு, பயிற்சி என்ற பெயரில் கிடைப்பது பல இடங்களில் கம்பெனிக்காரரின் அரை மணி நேர டெமோ.

டெண்டரில் புரொஜக்டரின் வெளிச்சம், திரையின் அகலம், மூன்று வருட வாரன்டி எல்லாம் வருகின்றன. அறைக்கு இரண்டு கன்வெர்ட்டர், ஒரு உபரி ஒயர், ஒரு உபரி விளக்கு, அவற்றுக்குப் பூட்டுள்ள ஒரு டிராயர் என்ற வரி மட்டும் வருவதில்லை. இந்தச் சாமான்களின் மொத்த விலை, விளக்கு நீங்கலாக, புரொஜக்டர் விலையில் மிகச் சிறிய பங்கு. உதவியாளர் பதவியோ பல பள்ளிகளில் ஒருவரே நான்கு மாடிக்கு. மேல் வகுப்பு மாணவர்கள் இருவருக்கு இதைப் பழக்கிவைப்பது சில ஆசிரியர்கள் கண்ட வழி. கெட்டிக்காரத்தனமான வழி. ஆனால் பரீட்சை நெருங்கியதும் அந்த மாணவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

ஒயர் விஷயத்தில் அதிக அவசரம் காட்ட வேண்டிய இடம் வகுப்பறைகூட அல்ல, அலமாரி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆண்டு விழா என்றால் தோளில் காமிராவுடன் வீடியோக்காரர் வந்துவிடுவார். மாறுவேடப் போட்டி, பொங்கல் விழாக் கோலாட்டம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரின் உரை எல்லாம் வி.எச்.எஸ். கேசட்டுகளில் உறைந்தன. பழைய மாணவர்கள் கூடும் நாளில் அதைத் திரையில் போட ஆசைப்படாத பள்ளி இல்லை. கேசட் ஓட வி.சி.ஆர். வேண்டும். உலகில் கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஓடுகிற பழைய மெஷின் ஒன்று கிடைத்தாலும் அதிலிருந்து வருவது மஞ்சள் ஒயர். புதிய புரொஜக்டர்கள் பலவற்றில் மஞ்சள் துளை இல்லை.

வி.சி.ஆரிலிருந்து நேராகப் புரொஜக்டருக்குப் போவதைவிட, யூ.எஸ்.பி.யில் மாட்டும் சின்ன கேப்சர் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு முதலில் ஏற்றிக்கொள்வது மேல். மென்பொருளில் பி.ஏ.எல். என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இந்திய வீடியோ 625 வரி, விநாடிக்கு 25 படம் என்ற கணக்கில் பதிவானது. பல பெட்டிகள் அமெரிக்க முறையில் அமைந்தே வருகின்றன. மாற்றாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ இருக்கும். மூன்று மணி நேரக் கேசட் ஏற முழுசாக மூன்று மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. வெள்ளைப் பூஞ்சை பூத்த கேசட்டை அப்படியே போட்டால் வி.சி.ஆரின் ஹெட்டும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றும். அப்படிப்பட்டதை ஒதுக்கிவைத்து, நல்ல நிலையில் இருப்பவற்றை முதலில் ஏற்றிவிடுவதுதான் முறை.